அவருக்காகக் காத்திருந்த மான்

மான்குட்டிக்குப் பால் கொடுப்பவள் அதற்கு முகம் காட்டக் கூடாது. எங்கள் மீட்பு மையத்தில் முதல் சட்டமே இதுதான். கொட்டடியின் பலகைச் சுவரில் ஒரு துளை இருக்கும். அதன் வழியாகப் புட்டியின் காம்பை மட்டும் உள்ளே நீட்டிவிட்டு நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். தலையிலிருந்து முழங்கால் வரை ஒரு சாக்கு அங்கி. அதையும் மான் படுத்துக் கிடந்த வைக்கோலில் நன்றாகப் புரட்டி எடுத்த பிறகுதான் மாட்டிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது, பாடக் கூடாது, தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட வேண்டும். பகலெல்லாம் அடக்கிவைத்த பேச்சை வீட்டுக்கு வந்துதான் கொட்டுவேன். அதனால் வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். காட்டு மானை உயிரோடு வைத்திருப்பது அதன் பயம். மனிதனைப் பார்த்ததும் ஓடுகிற மான் பிழைக்கும். பால் கொடுத்த கை மனிதக் கை என்று குட்டிக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். பெண் மானாக இருந்தால், காட்டில் விட்ட பிறகும் தீனி கேட்டுச் சாலைக்கு வந்து நிற்கும். கிடா என்றால் வேறு வம்பு. மனிதனும் தன் இனம்தான் என்று அது நினைத்துக்கொள்ளும். இணை தேடும் பருவம் வந்தால் தன் இனத்துக் கிடாவோடு மோதாமல் அதற்குத் தூக்கம் வராது. ஆக, மனிதனைத் தெரியாத மான் விலகி ஓடும், தெரிந்த மான்தான் முட்ட வரும்.

எங்களிடம் வருவது இரண்டு வகை. ஒன்று எல்க் மான், குதிரை உயரத்துக்கு வளரும், வருஷா வருஷம் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். இன்னொன்று அமெரிக்க இரலை, சின்ன உடம்பு, காற்றாய்ப் பறக்கும், ஆனால் இடுப்பளவு வேலியைக்கூடத் தாண்டத் தெரியாமல் அடியில் புகுந்து முள்கம்பியில் முதுகைக் கிழித்துக்கொள்ளும். குட்டிகளில் பாதி அனாதையே கிடையாது. தாய்மான் குட்டியைப் புல்லில் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும். பக்கத்திலேயே நின்றால் அதன் வாடை ஓநாயைக் கூட்டிவரும் என்று அதற்குத் தெரியும். அந்தச் சமயம் பார்த்து இரக்க குணம் படைத்த யாராவது காரை நிறுத்தி, ஐயோ பாவம் என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிடுவார்கள். தாய் புதருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அப்படி இரக்கப்படுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மையத்தின் இயக்குநர் என் அக்கா புருஷன். வேலையிடத்தில் அவரை சார் என்பேன், வீட்டில் அத்தான். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரைப் படம் என்றுதான் சொல்வோம். எதற்கெடுத்தாலும் படம் காட்டுவார் என்பதால் வந்த பெயர். கொட்டடி கூட்டுவதற்கு ஆள் இல்லாத நாளில்கூட அவரோடு ஒரு கேமராக்காரர் இருப்பார். அடிபட்ட மான் லாரியிலிருந்து இறங்கும்போது காவலாளியும் நானும் நாலு காலையும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவோம். படத்தில் வருவது என்னவோ அவர் கை அதன் நெற்றியைத் தடவுவதுதான்.

இரலைக் குட்டி ஒன்று என் கையால் பால் குடித்து வளர்ந்து, என் முகம் தெரியாமலே பெரிதாகிக் காட்டுக்குப் போனது. போன கொஞ்ச நாளிலேயே நெடுஞ்சாலை ஓரத்தில், நின்றிருந்த ஒரு பஸ்ஸின் படியில் தலையை நீட்டிப் பிஸ்கட் கேட்டிருக்கிறது. அந்தப் பக்கம் வந்த லாரி அதை அடித்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். வாயில் பாதி பிஸ்கட் இருந்தது.

புட்டிப்பால் குடித்த குட்டிக்குப் பிஸ்கட் எப்படித் தெரியும் என்று நிர்வாகக் குழு கேட்டது. படமெடுப்பதற்காகப் பின்வாசல் வழியாகப் போய்த் தினமும் ஊட்டியவர் யார் என்று எனக்கும் காவலாளிக்கும் தெரியும். ஆனால் அத்தான் முந்திக்கொண்டார். பால் கொடுக்கும் பெண் பாசத்தில் சட்டத்தை மீறிவிட்டாள், குடும்பத்துப் பெண் என்பதற்காக நான் மறைக்க மாட்டேன் என்று குரல் தழுதழுக்கச் சொன்னாராம். அதற்கும் கை தட்டினார்களாம்.

அன்று சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்தாள். நாங்கள் எல்லாரும் ஒரே வீடுதான். அவர்கள் மாடியில், நான் கீழே பின்பக்கத்து அறையில். மூன்று வேளையும் ஒரே மேஜையில்தான் சாப்பாடு. அக்கா கட்டிலில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் என் போர்வையை மடித்துக்கொண்டே பேசினாள்.

"நீ ஒத்துக்கோடி. உனக்குப் போனா ஒரு பேரு. அவருக்குப் போனா இந்த வீடே போயிடும்."

ஒத்துக்கொண்டேன். வேலையாட்கள் எல்லாரும் நிற்க, நடுவில் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதன் பிறகு வெகுநாள் எனக்குப் புட்டி கழுவும் வேலைதான். வேறு யாருக்கும் விடியற்காலையில் எழுந்து வர மனமில்லாததால் மறுபடி பலகைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். ஆனால் பிஸ்கட்டோடு கிடந்த அந்த வாய் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எதிரே உட்கார்ந்து அத்தான் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் நான் மனசுக்குள் கறுவிக்கொண்டேன். இந்த ஆளுக்கு ஒருநாள் என் கையால் கணக்குத் தீர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அந்த நாட்களில் என்னிடம் இருந்தது பதினேழு. நாங்கள் பெயர் வைப்பதில்லை, எண்தான். தொப்புள்கொடி காயாமல் வந்த எல்க் கிடாக்குட்டி. பின்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. மற்ற குட்டிகள் முட்டி மோதிக் குடிக்கும். பதினேழு காம்பைப் பிடிக்குமுன் பலகையின் துளையில் மூச்சை விட்டுப் பார்த்துவிட்டு, நம்பிக்கை வந்த பிறகுதான் குடிக்கும். அந்தச் சூடான மூச்சு என் விரலில் படும். தடவிக் கொடுக்கலாம் என்று கை பரபரக்கும். ஒருநாளும் தடவவில்லை. கால் கூடி, வளர்ந்து, இரண்டு கோடை தாண்டிக் கிளைக் கொம்பும் வைத்துவிட்டது. காட்டுக்கு ஏற்றிப்போகும் லாரி இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் மற்ற மான்கள் போயின, பதினேழு மட்டும் நின்றுவிட்டது. நன்கொடையாளர்கள் நாளுக்கு ஒரு கம்பீரமான மான் வேண்டும் என்று அத்தான் நிறுத்திவைத்துக்கொண்டார்.

நிறுத்தியதோடு விட்டாரா? வளரும் கொம்பை மெல்லிய பஞ்சுத்தோல் மூடியிருந்த கோடையில், மான் சாதுவாக இருக்கும் நாட்களில், பக்கவாசல் வழியாகப் போய் ஆப்பிள் துண்டு நீட்டத் தொடங்கினார். ராஜாக்குட்டி என்று பெயரும் வைத்தார். தகவல் சொன்ன காவலாளி தலையிலடித்துக்கொண்டார். நான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். மான்களுக்கு மருத்துவம் பார்க்கிறவர் அவர். அதிகம் பேச மாட்டார். பழகிப்போன கிடாவைக் காட்டில் விட முடியாது, வெளியே விட்டால் ஊருக்குள் வந்து யாரையாவது குத்தும் என்றார். அடைத்தே வைக்கவும் நம்மிடம் வசதி இல்லை என்றார். அப்புறம் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த வருஷம் இலை பழுக்கத் தொடங்கியதும் பதினேழின் கழுத்து தடித்தது. சேற்றில் புரண்டது. கம்பத்துப் பட்டையையெல்லாம் கொம்பால் உரித்துப் போட்டது. அடிவயிற்றிலிருந்து ஆரம்பித்து விசில்போல் உச்சிக்கு ஏறும் அந்தப் பிளிறலைக் காலையில் கேட்டால் தேநீர்க் கோப்பை கையில் ஆடும். இந்தப் பருவத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது கொட்டடி கழுவுகிறவனுக்கும் தெரியும். நன்கொடையாளர்கள் நாள் சரியாக இந்தப் பருவத்தில்தான் வந்து வாய்த்தது.

அன்று வேலிக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் நிர்வாகக் குழு, பின்னால் குடும்பம் குடும்பமாக நன்கொடையாளர்கள். அத்தான் புதுச்சட்டை போட்டு, கூடையில் ஆப்பிள் துண்டோடு என்னிடம் வந்தார். வாசல் சாவி என்னிடம்தான் இருக்கும்.

"எப்படி இருக்கான் நம்ம பையன்?" என்றார்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு இனிமையாகப் பேசியதில்லை.

"உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு, சார்."

அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. சாவியைக் கொடுத்தேன். என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு முட்டு முட்டும், இத்தனை பேர் முன்னால் புதுச்சட்டையோடு சேற்றில் உருளுவார், டாக்டரம்மா மயக்க ஊசி போடுவார், மான் தூங்கிவிடும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். விலா ஒன்றிரண்டு உடைந்தால் அதற்கும் எனக்கு மறுப்பில்லை.

அத்தான் உள்ளே போனார். பதினேழு அந்தக் கோடியிலிருந்து வந்தது. நேராக வரவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு, கொம்பைச் சாய்த்து, பல்லை நறநறவென்று கடித்தபடி மெதுவாக நடந்தது. இரண்டு கிடாக்கள் மோதுவதற்கு முன் இப்படித்தான் ஒன்றுக்கொன்று தன் பருமனைக் காட்டும். அத்தான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தார். பாருங்கள், போஸ் கொடுக்கிறான் என்றார். கூட்டமும் சிரித்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

வாசலருகே டாக்டரம்மா நின்றிருந்தார். இன்னும் நன்றாகத் தெரியும் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். அது ஊசி போடும் துப்பாக்கி இல்லை.

"மயக்க மருந்து வேலை செய்ய நேரமாகும். அதுக்குள்ள ஆளு போயிடுவாரு," என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "ஏதாவது ஆனா யோசிக்காம சுட்டுடுங்கன்னு உங்க அத்தான்தான் காலையில சொன்னாரு."

ராஜாக்குட்டி என்று கொஞ்சிய வாய்தான் அதையும் சொல்லியிருக்கிறது. நான் வாங்க நினைத்த பழிக்கு விலை கொடுக்கப்போவது பதினேழு. அந்த ஆள் நாலு நாள் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்து, செத்த மானுக்காக அழுது அதையும் படமெடுப்பார்.

உள்ளே மான் தலையைத் தாழ்த்திவிட்டது. நான் வாசலைத் தள்ளிக்கொண்டு ஓடும்போதே முதல் முட்டு விழுந்தது. அத்தான் ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். ஆப்பிள் துண்டுகள் சேற்றில் சிதறின. பதினேழு இரண்டடி பின்வாங்கி மறுபடி கொம்பைத் தாழ்த்தியது. பின்னால் டாக்டரம்மா என்னை விலகச் சொல்லிக் கத்துவது கேட்டது. விலகினால் சுட்டுவிடுவார் என்பதால் நேராக மானுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே போய் நின்றேன். அன்றும் மாட்டியிருந்த சாக்கு அங்கியைத் தலைவழியாகக் கழற்றி எறிந்தேன். இத்தனை காலமும் காட்டாத முகத்தைக் காட்டினேன். இத்தனை காலமும் அதன் காதில் விழாத குரலில் கத்தினேன்.

"ஓடு!"

பதினேழு தலையைத் தூக்கியது. காது இரண்டும் என் பக்கம் திரும்பின. ஒரு மூச்சு விடும் நேரம் என்னைப் பார்த்தது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, நெருப்பு பட்டதைப்போல் துள்ளித் திரும்பி, அடைப்பின் கடைசி மூலைவரை ஓடி, அங்கே வேலியோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. பிறந்ததிலிருந்து என் கையால் குடித்தது, என்னைக் கண்டு நடுங்கியது. எனக்கு அழுகையும் வந்தது, கூடவே சொல்ல முடியாத ஒரு கர்வமும் வந்தது.

காவலாளி வந்து அத்தானை இழுத்து வெளியே போட்டார். விலா உடைந்திருந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை. மான் ஓடிவிட்டதால் டாக்டரம்மா துப்பாக்கியைத் தாழ்த்தியிருந்தார். முன்வரிசையில் இருந்த குழுத் தலைவி எழுந்து வந்து, அந்தப் பெண்ணைக் கண்டு மட்டும் ஏன் ஓடுகிறது என்று அவரிடம் கேட்டார். பால் கொடுத்து வளர்த்தது இவர்தான், முகமே காட்டாமல் வளர்த்தார், அதனால் ஓடுகிறது என்றார் டாக்டரம்மா. தலைவி கீழே கிடந்தவரையும் சிதறிய ஆப்பிளையும் பார்த்தார்.

"அப்ப இவரைக் கண்டு ஏன் ஓடலை?"

அத்தான் விலாவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு வராத அத்தானை நான் அன்றுதான் பார்த்தேன். தலைவி அதோடு விடவில்லை. அப்படியானால் சாலையில் செத்துப்போன அந்த இரலை என்று இழுத்தார். கேமராக்காரர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கினார்.

"பிஸ்கட் நான்தான் மேடம் வாங்கிட்டு வந்தேன். சார் சொன்னாரு."

அந்த வாரமே அத்தானுக்கு அங்கே வேலை இல்லை என்றாகிவிட்டது. பதினேழை டாக்டரம்மா பல நாள் சோதித்தார். காவலாளியை அனுப்பிப் பார்த்தார், புது ஆட்களை அனுப்பிப் பார்த்தார், தானே போய்ப் பார்த்தார். எல்லாரையும் கண்டு ஓடியது. அது தெரிந்துவைத்திருந்தது ஒரே ஒரு மனிதனைத்தான், அந்த மனிதன் காட்டுப்பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்று முடிவு செய்தார். லாரி மூன்றாவது முறை வந்தது. காட்டு விளிம்பில் கதவைத் திறந்ததும் பதினேழு இறங்கி, காற்றை முகர்ந்து, மரங்களுக்குள் போய்விட்டது. திரும்பியே பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஆனால் படம் காட்டுகிறவர் எங்கே போனாலும் காட்டுவார். விலாவில் கட்டோடு கூடத்து நாற்காலியில் சாய்ந்து, நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு அத்தான் ஒரு கதை சொல்லத் தொடங்கினார். கிடா வெறி பிடித்துப் பாய்ந்ததாம். கொழுந்தியாள் தன் உயிரைத் துச்சமாக நினைத்து நடுவில் பாய்ந்து அத்தானைக் காப்பாற்றினாளாம். குடும்பம் என்றால் அதுதான் குடும்பமாம். குழுவில் எல்லாருக்கும் அவர்மேல் பொறாமையாம். கேட்டவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கினார்கள். என் பழியை எடுத்து அவர் தன் படத்துக்குப் பாட்டாகப் போட்டுக்கொண்டார். முட்டு வாங்கியும் அந்த ஆள் தோற்கவில்லை என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடம் நிறைய ஆட்கள். அத்தானின் அண்ணன் குடும்பம், பக்கத்து வீட்டுத் தம்பதி, பழைய அலுவலகத்து நண்பர்கள் இரண்டு பேர். நான் சமையலறையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து அத்தானின் குரல் ஏறி இறங்கியது. கதை, நான் நடுவில் பாயும் கட்டத்துக்கு வந்திருந்தது.

அக்கா வடிகட்டியைக் கீழே வைத்தாள். அத்தான் அடிபட்டு வீட்டுக்கு வந்த பிறகு அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதுதான் பேசினாள்.

"எல்லாரும் சொல்றாங்க. அவரைக் காப்பாத்தினியாமே."

பேசாமல் இருந்திருக்கலாம். அவள் என் அக்கா, அவர் அவள் புருஷன். ஆனால் ஒருதரம் அவளுக்காக வாயை மூடிக்கொண்டது போதும் என்று தோன்றியது.

"நான் அவரைக் காப்பாத்தலைக்கா. சாவியைக் கொடுத்ததே நான்தான். முட்டும்னு தெரிஞ்சுதான் கொடுத்தேன். உள்ள போனது மானுக்காக. சுட்டுடுவாங்கன்னு பயந்து போனேன்."

அக்கா அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள். "உன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா? அன்னிக்கு உன்னை எல்லார் முன்னாடியும் நிக்கவச்சு ஒத்துக்கச் சொன்னது நான்தான். இன்னிக்கும் நான்தான் சொல்றேன், வா."

என் மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அத்தான் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இதோ வந்துவிட்டாள் என் தெய்வம் என்று கையை நீட்டினார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்காவிடம் சொன்னதை அப்படியே அவர்களிடமும் சொன்னேன். சாவியைச் சொன்னேன், மானைச் சொன்னேன், செத்த இரலையின் வாயில் இருந்த பிஸ்கட்டையும் சொன்னேன். கடைசியில் குரல் இறங்கிவிட்டது.

நீட்டிய கை அப்படியே நிற்க, அத்தான் தன் மனைவியைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

அக்கா என் மணிக்கட்டை விடவில்லை.

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது," என்றாள். "இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுடி."